மழையில்லாமல் நிரம்பிய கண்மாய்

1

நெதர்லாந்தில் யாருக்கு விசேஷமோ அவரே கேக் வாங்கிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பிறந்த நாள் என்றாலும் சரி, வேலையில் சேர்ந்த நாள் என்றாலும் சரி. மறந்துபோய் வெறுங்கையை வீசிக்கொண்டு போனால் எல்லோரும் நம் பையையே பார்ப்பார்கள். நான் இங்கே வந்து பதினோரு வருஷம் முடிந்த அன்று, ஆப்பிள் கேக் ஒன்றைச் சைக்கிளின் பின்னால் கட்டி, எதிர்காற்றோடு மல்லுக்கட்டி, ஒரு பக்கம் நசுங்கிய நிலையில் அலுவலகம் கொண்டு சேர்த்தேன். நசுங்கிய பக்கத்தை எனக்கு வைத்துக்கொண்டு மீதியை வெட்டிக்கொண்டிருந்தபோது சுவரில் இருந்த பெரிய திரை சிவப்பாக மாறியது.

புதுக்கோட்டை மாவட்டத்தில், இலுப்பூருக்குப் பக்கத்துக் கண்மாய் நிரம்பிவிட்டது என்றது திரை. கரையின் விளிம்பு வரைக்கும் தண்ணீர். நேற்றுவரை பொட்டுத் தண்ணீர் இல்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கட்டுமானப் பொறியாளர். இந்த ஊர்க்காரர்கள் கடல் மட்டத்துக்குக் கீழே வீடு கட்டிக்கொண்டு வாழ்கிறவர்கள். தண்ணீர் என்றால் அவர்களுக்கு வெளியே தள்ள வேண்டிய சாமான். எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றால் உள்ளே பிடித்து வைக்க வேண்டிய சாமான். இப்போது மழையின் போக்கு மாறிவிட்டதால் இரண்டு பேருக்கும் ஒரே கவலை. மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் கரை, ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழையைத் தாங்குமா? இதைத்தான் எங்கள் குழு ஆராய்கிறது. அதற்காகப் பல நாடுகளில் கண்மாய், கால்வாய், பாலம் என்று கருவிகள் மாட்டி வைத்திருக்கிறோம். இலுப்பூர்க் கருவி ஒரு கம்பத்தில் தொங்கிக்கொண்டு கீழே பார்த்து ஓர் ஒலியை அனுப்பும். அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் பண்ணி எங்களுக்கு அனுப்பும். கீழே இருப்பது தண்ணீர்தானா என்று அது விசாரிக்காது.

எங்கள் குழுத் தலைவர் ஹென்க், கையில் கேக் தட்டோடு திரையின் அருகே போய் நின்றார். “அங்கே மழையா?” என்று கேட்டார். வானிலைப் படத்தில் ஒரு மேகம் கூட இல்லை. நான் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

இலுப்பூரில் என் அண்ணன் பழனிவேல் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவருக்கு நல்ல பெயர். கருவியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளரும் அவர்தான். போனை எடுத்ததும் பின்னால் ஸ்பீக்கரில் பாட்டு அலறியது.

“என்ன ஆத்தா, நல்ல நாளும் அதுவுமா ஞாபகம் வச்சு கூப்புடுறியே! சாப்பிட்டியா?”

“அண்ணே, கண்மாய் நெறஞ்சிருச்சா?”

“எந்தக் கண்மாய்?”

“நம்ம கண்மாய்தான்.”

“அதுல மாடு மேஞ்சுக்கிட்டு இருக்கு. இப்பத்தானே அங்கிட்டு இருந்து வாரேன்.”

“அப்ப மெஷினு?”

“மெஷினா? அது இங்க கடையில, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில தொங்குது. சந்தனம் குங்குமம் வச்சு, பூப்போட்டு ஜம்முனு இருக்கு.”

அன்று ஆயுத பூஜை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“கழட்டிட்டா வந்தீங்க?”

“பின்ன? கடையில கெடக்குற ஸ்பானருக்கெல்லாம் பொட்டு வச்சுட்டு, வேலை பாக்குற மெஷினைக் கம்பத்துல தொங்க விட்டுட்டு வரச் சொல்றியா? அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? நாளைக்கு விஜயதசமி. காலையில நல்ல நேரத்துல எடுத்து மாட்டிப்புடுறேன்.”

“ஆஃப் பண்ணுனீங்களா?”

“அதை ஏன் ஆஃப் பண்றேன்? நீதானே எப்பவும் ஆஃப் பண்ணக் கூடாதுன்னு சொன்ன.”

சொன்னது நான்தான்.

2

கருவி தப்பாகக் காட்டினால் உடனே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இந்த நாட்டில் படிவம் இல்லாமல் தும்மல் கூட வராது. காரணம் என்ற இடத்தில் ஒரு பட்டியல் இருக்கும். அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திருட்டு, சேதம், இடி மின்னல், கால்நடை இடையூறு, மற்றவை.

மற்றவை என்பதைத் தொட்டால் இரண்டு பக்க விளக்கம் எழுத வேண்டும். அது ஒரு கமிட்டிக்குப் போகும். கமிட்டி கேள்வி கேட்கும். “கருவி அன்றைய தினம் எங்கே இருந்தது?” “கடையில்.” “ஏன்?” “அதற்குப் படையல் போட்டோம்.” இதை டச்சு மொழியில் எழுதிப் பார்த்தேன். என்னுடைய டச்சு, ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரிதான் இருக்கும். எதை எழுதினாலும் யாரோ ஏதோ கேட்டுக் கெஞ்சுவது போல் வரும். அழித்துவிட்டேன்.

பயத்துக்குக் காரணம் மொழி மட்டும் இல்லை. கம்பெனி ஆட்களை விமானத்தில் அனுப்பிக் கருவிகளைப் பராமரிப்பதற்குப் பதில், அந்தந்த ஊரிலேயே கை வேலை தெரிந்த ஒருவரைப் பொறுப்பாளராகப் போடலாம் என்பது என் யோசனை. சண்டை போட்டு வாங்கினேன். மூன்று வாரத்தில் மதிப்பீட்டுக் குழு வருகிறது. யோசனை சரி என்றால் திட்டமும் நீளும், என் வேலையும் நீளும். சரியில்லை என்றால் இரண்டும் முடியும். அண்ணனுடைய அடையாள அட்டையும் போகும். அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் அவர் டீக்கடைக்கே போகிறார் என்று அண்ணி சொல்லியிருக்கிறாள்.

அண்ணன் போனில் சொன்ன மாடு என் மனக்கண்ணில் வந்து நின்றது. ‘கால்நடை இடையூறு’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினேன். வாய் பேசாத ஜீவன் மேல் பழி போட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு நசுங்கிய கேக்கைத் தின்று முடித்தேன்.

3

படிவம் கருவிப் பிரிவுக்குப் போகும். கருவியிலிருந்து வரும் எண்கள் கணக்குப் பிரிவுக்குப் போகும். இரண்டு பிரிவும் ஒரே மாடியில், எதிரெதிர் அறையில் இருக்கின்றன. ஒருவர் அறைக்கு ஒருவர் போக முன்கூட்டி நேரம் குறிக்க வேண்டும் என்பதால் யாரும் போவதில்லை.

கணக்குப் பிரிவில் லூகாஸ் என்று ஓர் இளைஞன். நல்லவன், வெகுளி. காபியோடு ஒரே ஒரு பிஸ்கெட் எடுத்து, டப்பாவை உடனே மூடி வைக்கும் ரகம். நான்கு நாள் கழித்து என் மேஜைக்கு ஓடி வந்தான். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

“உன் ஊர்க் கண்மாயைப் பார்த்தாயா? தண்ணீர் ஒரே பாய்ச்சலில் ஏறியிருக்கிறது. பிறகு சாயங்காலம் வரைக்கும் மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. இந்தக் கோட்டைப் பார்! முதலில் வேகமாக, அப்புறம் நிதானமாக. இவ்வளவு அழகான கோடு என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.”

“அது கருவிக் கோளாறு, லூகாஸ். மாடு தள்ளிவிட்டிருக்கும்.”

“மாடு தள்ளினால் கோடு கன்னாபின்னாவென்று குதிக்கும். இது பூமிக்கடியில் தண்ணீர் இறங்குகிற கோடு. கண்மாய்க்குக் கீழே ஏதோ பெரிய பாதை இருக்கிறது!”

“மறுநாள் காலையில் மொத்தத் தண்ணீரும் ஒரே நொடியில் காணாமல் போயிருக்கிறதே, அது?”

“பாதை திறந்துகொண்டது!” என்றான்.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று எனக்கும் விளங்கவில்லை. ஆணியில் தொங்குகிற கருவிக்குக் கீழே தரை இருக்கும். தரை எப்படி மெல்ல மெல்ல இறங்கும்? அண்ணனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் இன்னும் பெரிதாகுமோ என்று பயந்து கேட்கவில்லை. லூகாஸ் அந்தக் கோட்டை மதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்டப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். என் ஊர்க் கண்மாய் கொண்டாடப்படுகிறது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். குழு வருவதற்கு இன்னும் எத்தனை நாள் என்று நாட்காட்டியில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கருவிப் பிரிவு சும்மா இருந்ததா? கால்நடை இடையூறு என்றால் வேலி போட வேண்டும் என்று விதி. வேலிக்கு எத்தனை மாடு, எவ்வளவு உயரம், கொம்பு உண்டா என்றெல்லாம் தெரிய வேண்டுமாம். பொறுப்பாளரோடு வீடியோவில் பேசலாம் என்று ஹென்க் நாள் குறித்தார். மொழிபெயர்க்க வேண்டியது நான். லூகாஸும் வந்து ஒட்டிக்கொண்டான்.

4

அன்று ஆசிரியர்களுக்குக் கூட்டம் என்று என் மகள் கயலுக்குப் பள்ளி விடுமுறை. அதனால் நான் வீட்டில் இருந்தே வேலை பார்த்தேன். கயலுக்குப் பதிமூன்று வயது. நான் தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்லுவாள். “போதும்”, “வேணாம்” என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு முழுத் தமிழையும் சமாளித்துவிட்டாள் என்று ஊரில் எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொள்வேன். அவள் எனக்குப் பின்னால் சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தாள். இருக்கட்டும், அவளுக்கு என்ன புரியப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

திரையில் ஹென்க் ஒரு கட்டம், லூகாஸ் ஒரு கட்டம், அண்ணன் ஒரு கட்டம். அண்ணன் சட்டை போட்டு, அடையாள அட்டை மாட்டி, நெற்றியில் திருநீறு பூசி, கல்யாணப் பத்திரிகை படம் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஹென்க் கேட்டார்: “கருவி பக்கம் எத்தனை மாடுகள் வரும்?”

நான் அண்ணனிடம், “கருவியை எப்படிப் பாத்துக்கிறீங்கன்னு கேக்குறார்” என்றேன்.

“வாரம் ரெண்டு தடவ போயித் தொடச்சு விடுவேன். சிலந்தி வல கட்டும், அதைக் கலைச்சு விடுவேன். போன மாசம் குளவி கூடு கட்டியிருந்துச்சு. கையில கொட்டிப்புடுச்சு. பரவால்லன்னு சொல்லு.”

நான் ஹென்க்கிடம், “நான்கைந்து மாடுகள். கொம்பு உண்டு” என்றேன்.

“அந்த மாடுகள் கண்மாய்க்குள் எந்த நேரம் வரும்?” என்று ஹென்க் ஆங்கிலத்திலேயே கேட்டார், அண்ணனுக்கு நேரடியாகப் புரியட்டும் என்ற மரியாதையில். அங்கேதான் நான் மாட்டினேன்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏன் ஆத்தா, அவரு கௌவுங்கிறாரே, மாடா? மாடு எங்கேருந்து வந்துச்சு?”

“சும்மா கேக்குறார் அண்ணே.”

“சும்மா கேக்க மாட்டாங்க. நீ என்ன சொல்லி வச்சிருக்க?”

“மாடு தள்ளிவிட்டுருச்சுன்னு…” என்று இழுத்தேன். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“எங்க ஊரு மாட்டு மேலயா பழியப் போட்ட? அது பாட்டுக்கு மேஞ்சுட்டுப் போகுது. மெஷினைக் கழட்டுனது நானு. பூஜைக்குக் கொண்டாந்து வச்சது நானு. இதுல ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? அவருட்டச் சொல்லு. இல்ல, நீ சொல்ல மாட்ட.”

ஹென்க் காத்துக்கொண்டிருந்தார். “என்ன சொல்கிறார்?”

நான் மைக்கை அணைக்கும் பொத்தானைத் தேடினேன். அப்போது பின்னாலிருந்து, தலையைத் தூக்காமலேயே, கயல் தெளிவான டச்சில் சொன்னாள்:

“மாடு ஒன்றும் பண்ணவில்லை என்கிறார். மாமாதான் கருவியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்ப் பூஜை செய்திருக்கிறார். அம்மா மாட்டின் மேல் பழி போட்டிருக்கிறார். மாமாவுக்கு ரொம்பக் கோபம்.”

பதிமூன்று வருஷமாக இந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவளுடைய அப்பாவைப் பற்றி நான் ஊருக்குப் போனில் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

அண்ணன் அதற்குள் அண்ணியின் போனில் இருந்த படத்தைக் காமிராவுக்கு முன்னால் நீட்டிவிட்டார். கடைச் சுவரில் ஆணி. ஆணியில் எங்கள் கருவி, நெற்றி நிறைய சந்தனத்தோடு, கதம்ப மாலையோடு. அதற்கு நேர் கீழே தலைவாழை இலையில் மலைபோல் குவித்த பொரி.

லூகாஸ் திரைக்கு மிக அருகே வந்தான். அவன் மூக்கு மட்டும் தெரிந்தது. “அந்த வெள்ளைக் குவியல் என்ன?” என்றான்.

இந்த முறை நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

“பொரி, கடலை. காலையில ஒரு முழ ஒசரம் இருந்துச்சு” என்றார் அண்ணன், கோபத்தை மறந்து. “சாமி கும்புட்டதும் பசங்க, டிரைவருங்க எல்லாம் ஒரே அள்ளா அள்ளிப்புட்டாங்க. அப்புறம் வர்றவுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தோம். சாயங்காலம் எலை தெரிஞ்சுபோச்சு.”

முதலில் வேகமாக, அப்புறம் நிதானமாக. லூகாஸ் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான். பூமிக்கடியில் இருந்த பெரிய பாதை அந்தக் கணமே மூடிக்கொண்டது. பாவம், அவன் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

வேலிக் கணக்கு எழுத எடுத்த தாளை ஹென்க் ஓரமாக வைத்தார். பிறகு, “ஏன் இப்படிச் செய்கிறார்?” என்று கேட்டார்.

“வருஷம் பூரா வெயில்லயும் மழையிலயும் ஒத்தக் கம்பத்துல நிக்கிது” என்றார் அண்ணன். “அதுக்கு ஒரு நா லீவு குடுக்கக் கூடாதா?”

கயல் மொழிபெயர்த்தாள். ஹென்க்கின் முகம் மாறியது. இந்த நாட்டில் லீவு என்பது கோயில் மாதிரி. அதன் முன்னால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிடுவார்கள்.

“வருஷத்துக்கு ஒரு நாள்தானா?” என்று கவலையோடு கேட்டார்.

5

பொய் சொன்னதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று மறுநாள் ஹென்க்கிடம் நேராகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. குனிந்து கணினியைப் பார்த்துக்கொண்டு, கால்நடை இடையூறு என்று வந்த எல்லாப் படிவங்களையும் எடுக்கச் சொன்னதாகச் சொன்னார். உலகம் முழுக்க எங்கள் கருவிகளை மாடுகள் முட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. அதில் ஒன்று, எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் இருக்கும் மழைமானி. நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது.

நிரப்பியவர் லூகாஸ். மொட்டை மாடியில் பிறந்த நாள் பார்ட்டி நடத்தியபோது யாரோ அதில் பீர் ஊற்றிவிட்டார்களாம்.

இருந்தாலும் மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் பேச வேண்டியது நான்தான். தப்பு என்னுடையது, யோசனையும் என்னுடையது. அண்ணனின் பெயரைக் கெடுக்காமல் உண்மையைச் சொல்ல வேண்டும். லூகாஸின் கோட்டையும் பொரிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். இந்தியக் கடையில் ஒரு பொட்டலம் பொரி வாங்கிக்கொண்டு போய் மேஜையில் கொட்டினேன். குழுவில் இருந்த மூன்று பேரும் நான் பேசப் பேச அள்ளித் தின்றார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“மற்ற நாடுகளில் இதே கருவிகள் எப்படி இருக்கின்றன?”

அடைத்துக்கொண்டவை, பூச்சி கூடு கட்டியவை, யாரும் எட்டிப் பார்க்காதவை என்று பட்டியல் போட்டேன். வாரம் இரண்டு தடவை துடைக்கப்பட்டு, குளவியிடம் கொட்டு வாங்கிப் பாதுகாக்கப்பட்ட கருவி ஒன்றுதான் என்று சொல்லி முடித்தேன். அண்ணனுக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய மரியாதையை மாட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன் என்று அங்கே நிற்கும்போதுதான் தெரிந்தது.

திட்டத்தை நீட்டித்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: கருவிக்கு விடுப்பு என்றால் பதினைந்து நாள் முன்னதாக எழுத்தில் கேட்க வேண்டும்.

6

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு இருபது நாள் முன்னாலேயே அண்ணனிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. கோடு போட்ட தாளில் கைப்பட எழுதி, படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

“மதிப்பிற்குரிய ஐயா, வருகிற ஆயுத பூஜையை முன்னிட்டு எனக்கு ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்றைய தினம் என் வாய் மூடி வைக்கப்படும். யாரும் தண்ணீர் என்று நினைத்து ஏமாற வேண்டாம். மறுநாள் காலை நல்ல நேரத்தில் பணிக்குத் திரும்புவேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள, நீர்மட்டக் கருவி. குறிப்பு: இதில் மாடுகளுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.”

கயல்தான் டச்சில் மாற்றினாள். “கீழ்ப்படிதல்னா என்னம்மா?” என்று தமிழிலேயே கேட்டாள். உனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று சொன்னேன்.

ஹென்க் கையெழுத்துப் போட்டு, விடுப்பு ஒப்புக்கொள்ளப்பட்டது என்று அனுப்பினார். அந்த ஒப்புதல் என் மேஜை வழியாகத்தான் போக வேண்டும். கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் ஆயுத பூஜைக்கோ பொங்கலுக்கோ என்று சொல்லி நான் ஒரு நாள் கூட லீவு கேட்டதில்லை. கேட்டால் ஏன் என்பார்கள், விளக்க வேண்டும், விளக்கினால் சிரிப்பார்களோ என்று பயம். பல் மருத்துவர் என்று எழுதிவிடுவேன். பல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. சிரித்தால் என்ன? ஒரு கருவி தைரியமாகக் கேட்டு வாங்கிவிட்டது.

விடுப்புப் படிவத்தைத் திறந்தேன். காரணம்: ஆயுத பூஜை. என் கணினிக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று அடியில் எழுதி அனுப்பினேன்.

ஹென்க்கிடமிருந்து இரண்டே நிமிஷத்தில் ஒப்புதல் வந்தது. கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: “அப்படியென்றால் உன் பற்கள்? நான் இவ்வளவு வருஷமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேனே.”

முப்பத்திரண்டும் நன்றாக இருக்கின்றன என்று பதில் எழுதினேன்.